முதல் அடி வைக்கும்போதுதான் உயிர் போகிறது

கேள்வி: கோவை ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் 11 வருடமாகப் புடவைப் பிரிவில் இருக்கிறேன். வயது 44. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் வெளியே வருவேன். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் உட்காருவதோடு சரி. ஐந்து மாதமாகக் காலையில் எழுந்து காலை ஊன்றினால் வலது குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது. பத்து அடி நடந்தால் குறைகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் வரை போய்விடுமோ? மாமியார் செங்கல்லைச் சூடாக்கி, எருக்க இலை போட்டு மிதிக்கச் சொல்கிறார். சாயங்காலமானால் கணுக்காலும் வீங்கிவிடுகிறது, முழங்காலுக்குப் பின்னால் பச்சை நரம்பு புடைத்துத் தெரிகிறது. பாத்ரூம் நாலாவது மாடியில் இருப்பதால் தண்ணீரும் அதிகம் குடிப்பதில்லை. என்ன செய்யலாம் அக்கா?

பதில்: "பத்து அடி நடந்தால் குறைகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது தங்கச்சி. பிசியோதெரபிஸ்டாக 31 வருடம் வேலை பார்த்ததில் இந்த ஒரு வரியை அத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. நாள் முழுக்க நின்றால், அது எலும்போடு ஒட்டியிருக்கிற இடம் நைந்துபோகும். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடப்பதால் பட்டை சுருங்கியே இருக்கும். எழுந்ததும் உடம்பின் மொத்த எடையையும் அதன்மேல் வைக்கிறோம், வெடுக்கென்று இழுபடுகிறது. ஊரில் குதிகால் வாதம் என்பார்கள்.

எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் படம் எடுத்தால் அந்த முள் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே குணமாகிறது. ஆனால் ஒரு வாரத்தில் போகாது, மாதக்கணக்கில் ஆகும்.

நாளைக் காலை அலாரம் அடித்ததும் தரையில் கால் வைத்துவிடாதீர்கள். கட்டிலில் உட்கார்ந்தபடியே வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போடுங்கள். வலது கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து, கணுக்காலுக்கு மேலே இருக்கிற முன் எலும்பை நோக்கி வளையுங்கள். இடது கைக் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவிப் பாருங்கள். வீணைக் கம்பி மாதிரி விறைப்பாக ஒன்று தட்டுப்பட்டால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். 10 எண்ணும்வரை பிடித்து, விட்டுவிட்டு, மறுபடி பிடியுங்கள். இப்படி 10 தடவை. அதன் பிறகுதான் தரை. பால் பொங்கினாலும் குக்கர் கத்தினாலும் இந்த மூன்று நிமிஷத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். மதியமும் இரவும் இன்னொரு தடவை செய்ய வேண்டும்.

இறங்கும்போதும் வெறுங்கால் கூடாது. வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், வெளியே போடாத புதுச் செருப்பு ஒன்றைக் கட்டிலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம். எம்.சி.ஆர். செருப்பு பாருங்கள். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்கக் கொடுத்துவந்த அதே மெத்தென்ற ரப்பர்தான். இரவில் அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துண்டு சுற்றி, பாதத்துக்கு அடியில் பத்து நிமிஷம் உருட்டுங்கள்.

செங்கல் விஷயம். உங்கள் மாமியார் தப்பாகச் சொல்லவில்லை, சூடு இதமாகத்தான் இருக்கும். ஆனால் என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்குச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தது. அது தெரியாமல் சூட்டுச் செங்கல்லை மிதித்து, குதிகால் முழுக்கக் கொப்புளம். அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. எருக்கம்பால் கையில் ஒட்டி, அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் பார்வைக்கே ஆபத்து. அதனால் முதலில் சர்க்கரைப் பரிசோதனை செய்துவிடுங்கள். சூடு வேண்டுமென்றால், முழங்கையை விட்டுப் பார்த்த வெந்நீர் போதும்.

அப்புறம் அந்தப் பச்சை நரம்பு. காலிலிருக்கிற ரத்தம் மேலே ஏற வேண்டுமென்றால் கெண்டைக்கால் தசை பிழிந்து தள்ள வேண்டும். அசையாமல் நின்றால் தசை சும்மா இருக்கும், ரத்தம் கீழேயே தேங்கும், நாளடைவில் ரத்தக்குழாய்க்குள் இருக்கிற வால்வுகள் தளரும். புடவை மடிக்கும்போதெல்லாம் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு 20 தடவை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தலையணைமேல் கால் வைத்துக் கால் மணி நேரம் படுங்கள். இறுக்கமான காலுறையை டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு வாங்குங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சும் வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் சொன்னேன். ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் உங்களை நிற்க வைத்துவிட்டு உடற்பயிற்சியை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காருவதற்காகவும் போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. நம் தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே இடைவெளி கிடைக்கும்போது உட்கார, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. நீங்கள் ஸ்டூல் கேட்டால் அது சலுகை அல்ல, சட்டம். தனியாகப் போய்க் கேட்காதீர்கள், உங்கள் பிரிவில் இருப்பவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து மேனேஜரைப் பாருங்கள். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அந்த மனுவில் பாத்ரூமையும் எழுதுங்கள். தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கி அடக்கி நீர்க்கடுப்போடு வந்த பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். இனி பாட்டில் உங்கள் கவுண்டரில் இருக்கட்டும்.

ஆறு வாரம் கழித்து வலி எவ்வளவு குறைந்தது, ஸ்டூல் வந்ததா என்று இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.