‘ரோடு’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சாலை என்பதைத் தவிர வேறு பொருள் உண்டா?

உண்டு. அதில் ஒன்றிடம் நான் வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், பழைய கடற்பயணக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கம் செய்யக் கொடுத்தார்கள். கப்பல் ‘மெட்ராஸ் ரோட்ஸ்’ என்ற இடத்தில் நங்கூரமிட்டது என்று ஒரு வரி. யோசிக்காமல் ‘சென்னைச் சாலைகளில்’ என்று எழுதிவிட்டேன். திருத்தியவர் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘அண்ணா சாலையிலா?’ என்று மட்டும் கேட்டிருந்தார்.

கரைக்குச் சற்று அப்பால் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் கடற்பரப்பும் ஆங்கிலத்தில் ‘ரோடு’தான், பெரும்பாலும் பன்மையில் சொல்வார்கள். சென்னையில் 1875இல் துறைமுக வேலை தொடங்குவதற்கு முன், பெரிய கப்பல்கள் அங்கேதான் நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகள் அலை தாண்டிக் கரை சேர்க்கும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள். அலை அறைந்தால் வளைந்துகொடுக்கும்.

சாலைக்கும் கடலுக்கும் ஒரே பெயர் வந்ததற்குக் காரணம் குதிரை. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் குதிரையேறிப் போவதைக் குறித்தது. ‘ரைடு’ என்ற வினையோடு பிறந்தது. கப்பல் நங்கூரத்தில் மிதந்து நிற்பதற்கும் அந்த வினையே வழங்குகிறது. குதிரையில் பாய்ந்து தாக்குவதைக் குறித்த ‘ரெய்டு’ இதன் ஸ்காட்லாந்து வடிவம். ஆக, வருமான வரி ரெய்டும் வாசலில் ஓடும் ரோடும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! நாம் நடக்கிற பாதை என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிலைபெற்றது.

‘ஸ்ட்ரீட்’ வேறு குடும்பம். கல் பாவிய வழியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இருபுறமும் வீடுகள் இருந்தால் அது ஸ்ட்ரீட், ஊரை விட்டு ஊர் போனால் ரோடு என்பது பழைய வழக்கம். கோவையில் அவிநாசி ரோடு, திருச்சி ரோடு என்று போய்ச் சேரும் ஊரின் பெயரைச் சொல்கிறோமே, அதுபோல. இன்று இந்த வேறுபாட்டை யாரும் கறாராகப் பார்ப்பதில்லை.

நாமோ அதை ‘வீடு, வீட்டில்’ போல ‘ரோடு, ரோட்டில்’ என்று நம் சொல்லாகவே ஆக்கிக்கொண்டோம். பொருளும் நம்முடையதாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஆன் த ரோடு’ என்றால் வேலை நிமித்தம் ஊர் ஊராகப் பயணத்தில் இருக்கிறார். அதை ‘ரோட்டுக்கு வந்துவிட்டார்’ என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். கடன்காரர்கள் வீடு தேடி வருவார்கள்.