உடலே கிடைக்காத போர் விமானிகளுக்கு எங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள்?

தரைப்படை வீரர் இறந்தால் பெரும்பாலும் ஒரு கல்லறையாவது மிஞ்சும். கடலில் விழுந்த விமானிக்கு அதுவும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் இப்படிக் காணாமல் போனவர்கள் ஏராளம். அவர்களுக்காக லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதியைப் பார்த்தபடி இருக்கும் கூப்பர்ஸ் குன்றின்மேல் ரன்னிமீட் விமானப்படை நினைவகத்தைக் கட்டினார்கள். 1953 அக்டோபரில் எலிசபெத் ராணி திறந்து வைத்தார். பிரிட்டனிலும் வடக்கு, மேற்கு ஐரோப்பாவிலும் இருந்த தளங்களிலிருந்து கிளம்பித் திரும்பாத 20,000-க்கும் மேற்பட்ட காமன்வெல்த் விமானப்படையினரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது அந்தப் பெயர்களைப் பொறித்திருக்கும் விதம்தான். பெரிய பலகை எதுவும் கிடையாது. குறுகலான ஜன்னல்களின் பக்கவாட்டுக் கல்லில், பாதி திறந்த புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி, ஆண்டு வாரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். பெயரைப் படிக்க வெளிச்சம் ஜன்னல் வழியாகவே வருகிறது. நூர் இனாயத் கான் பெயரும் அங்கே உண்டு. அவர் விமானி அல்ல. பெண்கள் துணை விமானப்படையில் சேர்ந்து, பின்பு பாரிஸிலிருந்து வயர்லெஸ் கருவியில் பிரிட்டனுக்கு ரகசியச் செய்திகள் அனுப்பும் வேலை பார்த்து, 1944-ல் நாஜிகளின் டாகாவ் வதை முகாமில் கொல்லப்பட்டவர்.

சரி, அஞ்சலி கல்லில் மட்டும்தானா? இல்லை. வானத்திலும் உண்டு. அணியாகப் பறந்து வரும் விமானங்களில் ஒன்று மட்டும் திடீரென்று செங்குத்தாக மேலேறி விலகிவிடும். மற்றவை அந்தக் காலி இடத்தை நிரப்பாமல் அப்படியே பறந்து போகும்.