நாடு மாறியபின் இசைத்தட்டு மெதுவாகச் சுழல்வது குறித்து

அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்குக் கொண்டுவந்த ரெக்கார்டு பிளேயர் மின்மாற்றியில் இணைத்தும் மெதுவாகச் சுழல்கிறது, வேறு மின்மாற்றி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மின்மாற்றியை மாற்றிப் பயனில்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிக்குக் காரணம் மின்னழுத்தம் அன்று. பெரும்பாலும் மின்சாரத்தின் அதிர்வெண்தான், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது என்பது; அதன் அலகு ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் வாங்கிய உங்கள் ரெக்கார்டு பிளேயர் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு உரியது. ஜெர்மனியில் கிடைப்பதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. பழைய பெல்ட் வகைக் கருவிகள் பலவற்றிலுள்ள மோட்டார் அதிர்வெண்ணுக்கு ஏற்பவே சுழல்வதால், வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து, பாடகரின் குரல் ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறங்கிவிடுகிறது.

இதை உறுதிசெய்ய, சுழலும் தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டை ஒட்டி ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 33 சுற்று வரவேண்டிய இடத்தில் 28 வந்தால் ஐயமே வேண்டாம். வேகம் பார்ப்பதற்கென்று விளிம்பில் உள்ள, வேகம் சரியாக இருந்தால் அசையாமல் நிற்பதுபோல் தெரியும் புள்ளிகளை மட்டும் நம்பாதீர்கள்: அவற்றின் மீது விழும் சிறு விளக்கும் அதே மின்சாரத்தில் சிமிட்டுமானால், மோட்டாரோடு சேர்ந்து அதுவும் மெதுவாகி, எல்லாம் சரியென்றே காட்டும்.

உங்கள் மாதிரிக்கு 50 ஹெர்ட்ஸ் கப்பி (மோட்டார் அச்சில் பெல்ட் சுற்றும் சிறு சக்கரம்) இருக்கிறதா என்று தேடுங்கள். அதன் விட்டம் இப்போதுள்ளதைவிட 20 விழுக்காடு கூடுதலாக இருக்கும். அது கிடைக்காவிட்டால், 60 ஹெர்ட்ஸை உருவாக்கித் தரும் தனி மின்வழங்கி வேண்டும், செலவு கூடும்.

கருவி சிறிய அடாப்டர் வழியாக நேர்மின்னோட்டத்தில் (ஒரே திசையில் பாயும் மின்சாரம், DC) இயங்குவதாக இருந்தால் மேற்சொன்னது பொருந்தாது. அப்போது முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.