பதில்: அம்மாவின் விற்றமின் ஈ அளவு சரியென்றால் கால் விறைப்பு ஏன்?

வணக்கம் தங்கச்சி. அம்மாவுக்குப் பல மாதமாகப் பித்தநாள அடைப்பு, கொலஸ்ட்ரோல் 290, கால் விறைப்பு. விற்றமின் ஈ லீற்றருக்கு 9 மில்லிகிராம், 'சாதாரணம்' என்று ரிப்போட். இதை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த 9-ஐ மட்டும் வைத்து நம்ப வேண்டாம். விற்றமின் ஈ இரத்தத்தில் கொழுப்போடு ஒட்டித்தான் ஓடுகிறது. கொழுப்பு கூடினால் இதுவும் கூடினமாதிரிக் காட்டும். பித்தநீர் குடலுக்குப் போகாவிட்டால் விற்றமின் ஈ உறிஞ்சப்படுவது குறையும். அதே அடைப்பு கொலஸ்ட்ரோலையும் ஏற்றிவிடும். ஆகக் கால் விறைப்பைத் தரக்கூடிய விற்றமின் ஈ குறைபாடு மறைந்து நிற்கலாம். அதனால் மொத்தக் கொழுப்போடு ஒப்பிட்ட விகிதத்தை டொக்டரிடம் கேளுங்கள்: ஒரு கிராம் கொழுப்புக்கு 0.8 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் பெரியவர்களுக்குக் குறைபாடுதான்.

திரும்ப எடுப்பதென்றால் வெறும் வயிற்றில், கொழுப்புப் பரிசோதனையையும் அதே இரத்தத்தில் செய்விக்கவேண்டும். மாதிரியில் வெளிச்சம் படக்கூடாது. யாழ்ப்பாணத்திலேயே பார்க்கிறார்களா, கொழும்புக்கு அனுப்புகிறார்களா என்றும் கேட்டுவையுங்கள்.

கால் விறைப்புக்குச் சலரோகமும் பி12 குறைவும்தான் அடிக்கடி காரணம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நடை தள்ளாடுகிறதென்றால் சுணங்க வேண்டாம்.

விற்றமின் ஈக்குக் கச்சான் நல்லதுதான்; ஆனால் உறிஞ்சாத குடலுக்கு எவ்வளவு கொடுத்தென்ன? விற்றமின் ஈ குளிசையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், முக்கியமாக அம்மா வார்பரின் (இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்து) எடுப்பவர் என்றால். இரத்தக்கசிவு வரலாம்.