பிராஜெக்ட் ஃபைனான்ஸ் தரப்பட்டியல்கள்: கேள்வி பதில்

பதில் சொல்பவர், வங்கிகள் தரப்பில் திட்டக் கடன் (பிராஜெக்ட் ஃபைனான்ஸ்) ஆவணங்கள் தயாரிக்கும் வழக்கறிஞர்.

மதுரை, சட்டக் கல்லூரி மாணவர்: சார், சில சட்ட நிறுவனங்கள் "பிராஜெக்ட் ஃபைனான்ஸில் பேண்ட் 1" என்று போடுகிறார்களே, அது காசு கொடுத்து வாங்குவதா?

இல்லை தம்பி. பேண்ட் 1 என்றால் பட்டியலின் முதல் படி. சட்ட நிறுவனங்களைத் தரம்பிரிக்கும் சேம்பர்ஸ், லீகல் 500, ஐஎஃப்எல்ஆர் 1000 பட்டியல்களில் இடம் விலைக்குக் கிடைக்காது. பெயர் வந்தபின் விரிவான அறிமுகம் போட்டுக்கொள்ளத்தான் கட்டணம். சேம்பர்ஸுக்கு நிறுவனங்கள் தாங்கள் செய்த வேலைகளில் பொதுவாக 20 வரை எழுதி அனுப்பும். வெளியே சொல்லக்கூடாதவையும் அதில் சேரும். கூடவே கட்சிக்காரர்களின் பெயர்களும் போகும். ஆய்வாளர்கள் அவர்களிடம் பேசுவார்கள், மற்ற வழக்கறிஞர்களிடமும் விசாரிப்பார்கள். நல்ல வேலை செய்தும் அதை எழுதத் தெரியாததால் கீழே நிற்கும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வருத்தம்தான்.

சேலம், வங்கி அதிகாரி: சூரிய மின் திட்டத்துக்குக் கடன் தரப்போகிறோம். பட்டியலில் மேலே இருக்கும் நிறுவனத்தையே எடுத்துவிடலாமா?

நேர்காணலுக்குக் கூப்பிடலாம் மேடம், அதற்குப் பட்டியல் போதும். ஆனால் நிறுவனத்துக்கும் தனி வழக்கறிஞருக்கும் தனித்தனியாகத்தான் இடம் தருகிறார்கள். உங்கள் கோப்பில் உட்காரப்போவது யார் என்று கேளுங்கள்.

திட்டக் கடனில் கடனாளி, அந்த ஒரு திட்டத்துக்காகவே தொடங்கிய கம்பெனி. பெரும்பாலும் தாய் நிறுவனத்தின் சொத்துமேல் நீங்கள் கைவைக்க முடியாது. மின்சாரம் விற்று வரும் பணம்தான் தவணை. ஆகவே ஒப்பந்தங்கள்தான் உங்கள் உயிர்நாடி. மின் கொள்முதல் ஒப்பந்தத்தை ரத்து செய்யுமுன் வங்கிக்கு நோட்டீஸ் வருமா? கடனாளி தவறினால் அவர் இடத்தில் வேறொருவரை அமர்த்த உரிமை உண்டா? வரும் பணம் முழுதும் டிஆர்ஏ கணக்கு (திட்டத்தின் வரவு செலவை வங்கியின் கண்காணிப்பில் வைக்கும் கணக்கு) வழியாகத்தான் போகிறதா?

நிலம் தனிக் கதை. கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கர். அவ்வளவு நிலத்துக்கு எத்தனை பட்டா, எத்தனை தாய்ப்பத்திரம், எத்தனை வாரிசுகள் என்று நினைத்துப் பாருங்கள்! 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, அரசு-தனியார் கூட்டில் வரும் உள்கட்டமைப்புத் திட்டமென்றால் 50 சதவீத நிலமும், உங்களுடையதுபோல் தனியார் திட்டமென்றால் 75 சதவீதமும் கைக்கு வந்திருந்தால்தான் பணம் விடுவிக்கலாம். வில்லங்கச் சான்றை வரிக்கு வரி படிக்கும் ஜூனியர் அந்தக் குழுவில் இருக்கிறாரா என்பது எனக்கு பேண்டைவிட முக்கியம்.

இன்னொன்று. வங்கியின் வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்டுவது பெரும்பாலும் கடன் வாங்குபவர்தான். வழக்கறிஞரின் கடமை உங்களுக்குத்தான் என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

சென்னை, இளம் வழக்கறிஞர்: வழக்கறிஞர் விளம்பரம் செய்யக்கூடாது என்கிறார்களே? இந்த அங்கீகாரத்தை நாம் வெளியே போடலாமா?

பார் கவுன்சிலின் 36ஆம் விதி விளம்பரத்தையும் வேலை கேட்டுப் போவதையும் தடுக்கிறது. 2008இல் வந்த தளர்வு, பெயர், முகவரி, பதிவு விவரம், எந்தத் துறை என்பதையெல்லாம் சொந்த இணையதளத்தில் போட மட்டும் இடம் தந்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத் தளங்கள் வழியே வேலை தேடும் வழக்கறிஞர்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஆய்வாளர் கேட்டதற்குத் தகவல் தருவது வேறு, "நாங்களே முதலிடம்" என்று போஸ்டர் போடுவது வேறு. இரண்டாவதை என் அலுவலகத்தில் அனுமதிக்க மாட்டேன்.

திருச்சி வாசகர்: வெளிநாட்டு நிறுவனங்களும் இந்தியப் பட்டியலில் வருகின்றனவே, எப்படி?

வெளிநாட்டில் இருந்துகொண்டே இந்தியத் திட்டங்களின் ஆங்கிலச் சட்ட ஒப்பந்தங்களைப் பார்ப்பவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தனிப் பட்டியல்.

கோவை, சிறு நிறுவனப் பங்குதாரர்: நாங்கள் நான்கே பேர். விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக சார். கடன் தொகையை மட்டும் எழுதாதீர்கள். எங்கே சிக்கியது, எந்த ஷரத்தை மாற்றி அவிழ்த்தீர்கள் என்று எழுதுங்கள். கட்சிக்காரரின் பெயரைத் தருமுன் அவரிடம் சம்மதம் வாங்குங்கள். ஆய்வாளர் தொடர்புகொள்ளும்போது பதில் சொல்ல நேரமுள்ள ஆளாகப் பாருங்கள். வங்கித் தலைவரைவிட, உங்களோடு நள்ளிரவு வரை ஆவணம் படித்த மேலாளர் நன்றாகச் சொல்வார்.