வாசகர் கேள்வி-பதில்: அரசு ஊழியர் சங்கமும் வரிப்பணமும்

போன இதழில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2011-ல் அரசு ஊழியர்களின் கூட்டு பேர உரிமையை, அதாவது சங்கமாகச் சேர்ந்து சம்பளம், சலுகை பற்றிப் பேசி ஒப்பந்தம் போடுகிற உரிமையை, வெட்டியதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கட்டுக்கட்டாகக் கடிதங்கள். பாதிப் பேர் "சரியாகத்தான் செய்தார்கள்" என்கிறார்கள், பாதிப் பேர் "அநியாயம்" என்கிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: தனியார் கம்பெனியில் சங்கம் பேரம் பேசினால் யாரும் எதுவும் சொல்வதில்லை. அரசு ஊழியர் பேசினால் மட்டும் ஏன் இவ்வளவு விவாதம்?

ப: கம்பெனியில் சங்கத்துக்கு எதிரே உட்காருகிறவர் முதலாளியின் ஆள், அங்கே போவது முதலாளியின் பணம். சம்பளம் எல்லை மீறினால் சரக்கின் விலை ஏறும், போட்டிக் கம்பெனி சந்தையைப் பிடித்துக்கொள்ளும், இது சங்கத்துக்கும் தெரியும் என்பதால் பேரம் ஒரு இடத்தில் தானாக நிற்கும். அரசில் எதிரே உட்காருகிற மேயரோ ஆளுநரோ (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற மாநில அரசுத் தலைவர்) தன் கையிலிருந்து ஒன்றும் கொடுப்பதில்லை. அதோடு, தேர்தல் சமயத்தில் அவருக்கு ஓட்டு சேர்த்துத் தரவும் பிரச்சாரத்துக்குப் பணம் தரவும் அதே சங்கத்தால் முடியும். பணம் கட்டுகிற வரி செலுத்துவோருக்கு அந்த மேஜையில் நாற்காலி கிடையாது.

இந்தக் கவலை வலதுசாரிகள் கண்டுபிடித்தது இல்லை. தொழிலாளர்களின் நண்பர் என்று பெயர் வாங்கிய அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே, 1937 ஆகஸ்டில் மத்திய அரசு ஊழியர் சங்கத் தலைவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், வழக்கமான கூட்டு பேரத்தை அப்படியே அரசுப் பணிக்குக் கொண்டுவந்துவிட முடியாது என்று சொன்னார். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1935-ல், அவர் கையெழுத்திட்ட தொழிலாளர் உறவுச் சட்டத்திலும் அரசு ஊழியர்கள் சேர்க்கப்படவில்லை. 1959-ல் நகராட்சி ஊழியர்களுக்குப் பேர உரிமை கொடுத்து முதல் சட்டம் போட்ட மாநிலம் எது தெரியுமா? அதே விஸ்கான்சின். 1962-ல் அதிபர் கென்னடி மத்திய அரசு ஊழியர்களுக்கும் கதவைத் திறந்தார்.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான். 1968 பிப்ரவரி 1 அன்று மெம்ஃபிஸ் நகரில் மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனார்கள். அதன் பிறகு சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுடைய சங்கத்தோடு பேசவே நகர நிர்வாகம் மறுத்தது. அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார், அதற்குப் பிறகுதான் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. அரசு என்பதாலேயே நல்ல முதலாளியாக இருக்கும் என்று நம்பச் சொல்கிறவர்களிடம் நான் இந்த மெம்ஃபிஸ் கதையைத்தான் சொல்வேன்.

கே: சம்பளப் பேச்சுவார்த்தையால் ஒரு அரசே கடனில் மூழ்குமா? நம்ப முடியவில்லை.

ப: ஒரு நகரம் மூழ்கியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் வலேஹோ என்ற ஊர் 2008 மே மாதம் திவால் மனு போட்டது. அதன் பொது நிதியில் சுமார் முக்கால் பங்கு போலீஸ், தீயணைப்புத் துறைச் சம்பளத்துக்கும் சலுகைகளுக்குமே போய்க்கொண்டிருந்தது. வீட்டு விலை சரிந்து வரி வருமானம் விழுந்ததும், ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வழியில்லை.

இதில் சம்பளம் சின்னப் பிரச்சினைதான். சம்பளத்தை உயர்த்தினால் இந்த வருட பட்ஜெட்டிலேயே தெரியும், கேள்வி வரும், அதனால் அரசியல்வாதி கொஞ்சம் பயப்படுவார். ஓய்வூதியமும் ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவச் செலவும் அப்படி இல்லை. இன்றைக்குக் கையெழுத்து, பில் வருவது இருபது முப்பது வருடம் கழித்து, அப்போது கையெழுத்துப் போட்டவர் பதவியில் இருக்கமாட்டார். இப்படி ஒரு வசதி இருக்கும்போது இரண்டு தரப்புக்குமே "சம்பளத்தை விடு, பின்னால் கிடைப்பதை ஏற்றிக்கொள்ளலாம்" என்ற ஆசை வருவது இயல்பு.

ஆனால் ஒன்றை விடாமல் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாதவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. இல்லினாய் மாநிலத்தில் ஊழியர்களின் பங்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது, அவர்கள் ஒரு மாதம்கூட பாக்கி வைக்க முடியாது. தன் பங்கைப் பல வருடங்கள் குறைத்துக் கட்டியது அரசுதான். பள்ளம் பெரிதானதும் 2013-ல் ஓய்வூதியத்தைக் குறைத்துச் சட்டம் போட்டார்கள், 2015-ல் மாநில உச்ச நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ஒருமனதாக ரத்து செய்தது. அங்கே ஓய்வூதிய விகிதத்தைத் தீர்மானிப்பது பேர மேஜை இல்லை, சட்டமன்றம். பல மாநிலங்களில் அப்படித்தான். பேர உரிமையைப் பறித்தால் ஓய்வூதியக் கடன் கரைந்துவிடும் என்று எழுதியிருந்த வாசகர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கே: விஸ்கான்சினில் உண்மையில் என்ன செய்தார்கள்? பணம் மிச்சமானதா இல்லையா, நேராகச் சொல்லுங்கள்.

ப: மிச்சமானது. ஆனால் எதனால் மிச்சமானது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

2011-ல் புதிதாக வந்த ஆளுநர் ஸ்காட் வாக்கர், அடுத்த இரண்டு வருட பட்ஜெட்டில் 360 கோடி டாலர் துண்டு விழும் என்று சொல்லி மசோதாவைக் கொண்டுவந்தார். பத்தாம் எண் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். மாநில ஊழியர்கள் ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் சுமார் 5.8 சதவீதமும், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் 12.6 சதவீதமும் கட்ட வேண்டும், இது முதல் பகுதி. அடுத்தது, இனி அடிப்படைச் சம்பளம் பற்றி மட்டும்தான் பேசலாம், அதுவும் விலைவாசி உயர்வுக்கு மேல் கேட்டால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி ஒப்புதல் வாங்க வேண்டும். மூன்றாவதாக, சம்பளத்திலிருந்து சங்கச் சந்தா பிடிப்பது நிறுத்தம். சங்கம் வருடா வருடம் தேர்தல் வைத்து, வாக்களித்தவர்களில் அல்ல, மொத்த ஊழியர்களில் 51 சதவீதம் ஆதரவு காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அங்கீகாரம் போய்விடும்.

மாடிசன் நகரத் தலைமைச் செயலகத்தில் வாரக்கணக்கில் கூட்டம், வாக்கெடுப்பைத் தடுக்க ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் 14 பேர் பக்கத்து இல்லினாய் மாநிலத்துக்கே போய்விட்டார்கள். மார்ச் 11-ல் வாக்கர் கையெழுத்துப் போட்டார். மறு வருடம் அவரைப் பதவியிறக்க நடந்த தேர்தலிலும் 53 சதவீதம் வாங்கி ஜெயித்தார், அதையும் மறைக்கக் கூடாது, மக்கள் ஆதரவு இருந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். உடனடிப் பணம் முதல் பகுதியிலிருந்துதான் வந்தது. பேர உரிமையை விட்டுவைத்தால் அந்தத் தொகையைக் கட்டச் சம்மதம் என்று சங்கத் தலைவர்கள் அப்போதே வெளிப்படையாகச் சொன்னார்கள், அரசு கேட்கவில்லை. இரண்டாம் பகுதியிலும் பலன் உண்டு: காப்பீடு பேரத்துக்கு வெளியே போனதால், பல பள்ளி மாவட்டங்கள் ஆசிரியர் சங்கத்தோடு தொடர்புள்ள காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து விலகி, வேறு இடத்தில் விலை கேட்டு வாங்க முடிந்தது. இதை சங்க ஆதரவாளர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாம் பகுதி? வருடாந்திரத் தேர்தலும் சந்தா நிறுத்தமும் கருவூலத்துக்கு எத்தனை டாலர் மிச்சம் பிடித்தன என்று எனக்கு யாராவது காட்டட்டும். அது செலவுக் கட்டுப்பாடு இல்லை, சங்கத்தை ஒழிக்கிற வேலை. மாநிலத்தில் சங்க உறுப்பினர் விகிதம் 2010-ல் 14 சதவீதமாக இருந்தது, சில வருடங்களில் 8 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம் போலீஸ், தீயணைப்பு வீரர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். செலவுதான் காரணம் என்றால் அந்தச் செலவு மட்டும் செலவு இல்லையா? 2024 டிசம்பரில் ஒரு மாவட்ட நீதிபதி, இப்படி ஊழியர்களை இரண்டு வகையாகப் பிரித்தது செல்லாது என்றுதான் சட்டத்தின் பெரும்பகுதியை ரத்து செய்தார், மேல்முறையீடு போனதால் அந்தத் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது.

கே: எல்லோருக்கும் சமமாகப் போட்டிருந்தால் சரியா?

ப: ஒஹாயோ அதே வருடம் அப்படித்தான் போட்டது, போலீஸையும் தீயணைப்பையும் சேர்த்து. நவம்பர் பொதுவாக்கெடுப்பில் 61 சதவீதத்துக்கு மேல் எதிராக விழுந்து சட்டமே காணாமல் போனது. 2025-ல் யூட்டா மாநிலம் அரசு ஊழியர்களின் கூட்டு பேரத்துக்கே முழுத் தடை போட்டுப் பார்த்தது. வாக்கெடுப்பு கேட்டு மக்கள் லட்சக்கணக்கில் கையெழுத்துப் போட்டதும், அதே வருடக் கடைசியில் சட்டமன்றமே திரும்பப் பெற்றுக்கொண்டது.

கே: நீங்கள் சங்கத்தின் பக்கமா, வரி கட்டுகிறவர் பக்கமா?

ப: இரண்டு பேரும் ஒரே ஆள்தான். அரசு ஆசிரியையும் வரி கட்டுகிறார்.

கே: குறை சொல்வது சுலபம். உங்கள் கையில் விட்டால் என்ன மாற்றுவீர்கள்?

ப: மாசசூசெட்ஸ் செய்ததைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அதே 2011, ஆனால் அங்கே ஜனநாயகக் கட்சி ஆளுநர் டெவல் பேட்ரிக், சட்டமன்றமும் அதே கட்சிதான். ஊருக்கு ஊர் மருத்துவக் காப்பீட்டுச் செலவு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ஒவ்வொரு சங்கத்திடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். புதிய சட்டப்படி எல்லாச் சங்கங்களும் சேர்ந்த ஒரு குழுவோடு 30 நாள் பேச வேண்டும், முடியாவிட்டால் மூன்று பேர் குழு தீர்மானிக்கும், மிச்சமாகும் பணத்தில் முதல் வருடம் ஒரு பங்கு, அதிகபட்சம் கால்வாசி, ஊழியர்களுக்கே திரும்பிப் போகும். சங்கங்கள் எதிர்த்தன, உண்மைதான். ஆனால் மேஜையை யாரும் உடைக்கவில்லை.

அடுத்தது, எந்த ஒப்பந்தமானாலும் கையெழுத்துக்கு முன்னால் அதன் முழு விலை, இந்த வருடத்துக்கு மட்டும் இல்லை, முப்பது வருடத்துக்கும் சேர்த்து, வெளி ஆள் கணக்குப் போட்டு மக்கள் பார்வைக்கு சில வாரம் வைக்கப்பட வேண்டும். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். இரவோடு இரவாக நகர மன்றத்தில் கை தூக்கி முடிக்கிற பழக்கம் நின்றாலே பாதி நோய் போய்விடும். அரசு தன் பங்கைக் கட்டாத வருடத்தில் புதிய சலுகை எதற்கும் கையெழுத்துப் போடக் கூடாது என்ற விதியும் வேண்டும், அது இரண்டு தரப்பையும் கட்டும். நியூ ஜெர்சி 2010-ல் போலீஸ், தீயணைப்புத் துறைகளுக்கான நடுவர் தீர்ப்பில் சம்பள உயர்வுக்கு வருடத்துக்கு 2 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. அது 2017 கடைசியில் காலாவதியானது. அந்த மாதிரி வரம்பு, கெடு வைத்து, மறுபடி ஆராய்ந்து புதுப்பிக்கிற மாதிரி இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கே: இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? பேரமே கூடாது என்று ஒரேயடியாகத் தடை செய்துவிட்டால் செலவு அடங்கிவிடாதா?

ப: தடை செய்த மாநிலங்கள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். வட கரோலினா 1959 முதலே அரசு ஊழியர்களோடு ஒப்பந்தம் போடுவதைச் சட்டப்படி தடுத்திருக்கிறது. அங்கேயும் ஓய்வுபெற்றவர்களுக்கு மருத்துவச் செலவு தருகிறோம் என்று போதிய நிதி ஒதுக்காமல் வாக்குக் கொடுத்து, பாரம் தாங்காமல், 2021 ஜனவரி முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதை நிறுத்தினார்கள். வாக்குக் கொடுத்தது சட்டமன்றம், எதிரே எந்தச் சங்கமும் உட்காரவில்லை.

மேற்கு வர்ஜீனியாவில் ஆசிரியர்களுக்குப் பேர உரிமையும் கிடையாது, வேலைநிறுத்த உரிமையும் கிடையாது. 2018 பிப்ரவரி 22-ல் அத்தனை மாவட்டங்களிலும் பள்ளிக்கூடம் மூடியது. ஒன்பது பள்ளி நாள் கழிந்து, ஆசிரியர்களுக்கு மட்டும் இல்லாமல் மாநில ஊழியர்கள் எல்லோருக்கும் 5 சதவீத உயர்வு கொடுத்த பிறகுதான் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள்.