பொய்ப் பிக்குவைக் காட்டிக்கொடுக்கும் வரப்பு

கேள்வி: இராசராசன் காலத்து நாகப்பட்டினத்தில் நடக்கும் சிறுவர் தொடர்கதை எழுதுகிறேன். சூடாமணி விகாரை என்ற பௌத்த மடத்தில் பிக்கு (பௌத்தத் துறவி) வேடத்தில் ஓர் ஒற்றன். பத்து வயதுப் பையன் அவனை எப்படிக் கண்டுபிடிப்பான்?
– வாசகி, கீழ்வேளூர்

பதில்: துறவி வேடமிட்ட ஒற்றன் நமக்குப் புதியவன் அல்ல, குறள் 586 அவனைப் பற்றியதுதான். ஆனால் மொட்டைத் தலையும் காவியும் வந்த உடனே ‘இவன் ஒற்றன்’ என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். கதையில் அவர்கள் மெய்யான பிக்குவைப் பார்த்ததே இல்லையே! அப்படி ஒருவரை முதல் நாலு அத்தியாயம் நடமாட விடுங்கள். அவர் எதையெல்லாம் செய்யமாட்டார் என்பது பழகினால்தான் பொய்யன் மாட்டுவான்.

பிக்கு உடுத்தும் சீவரத்தில் தொடங்குங்கள். அது முழுத்துணி அல்ல, வெட்டிய துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. மகத நாட்டு வயல்களைக் காட்டி, அதேபோல் தைக்க முடியுமா என்று புத்தர் தம் சீடர் ஆனந்தரைக் கேட்டதாக, பிக்குகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூல் சொல்கிறது. பெரிய பாத்தி, சின்னப் பாத்தி, நடுவில் வரப்பு, சுற்றிலும் ஒரு வரப்பு. வெட்டிய துணி விலைபோகாது, திருடனும் சீண்டமாட்டான். அவசரத்தில் வேடம் போட்டவன் கடைத்தெருத் துணியை அப்படியே சாயத்தில் முக்கிக் கட்டியிருப்பான். உழவர் வீட்டுப் பையன் கேட்கட்டும்: “அடிகளே, உங்கள் வயலில் வரப்பையே காணோமே?” நிறமும் முக்கியம். பலா மரத்தின் வைரத்தை (நடுக்கட்டையை) காய்ச்சி எடுத்த சாயம் மங்கலான மஞ்சள் பழுப்பாக இருக்கும். படம் வரைபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பளீரென்ற ஆரஞ்சைப் பூசிவிடுவார்.

அடுத்து வயிறு. உச்சிப்பொழுது தாண்டினால் சோறு கிடையாது. தண்ணீரும் வடிகட்டிய பழச்சாறும் மட்டும். தண்ணீரையும் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். பொன்னோ காசோ கையால் தொடமாட்டார். மண் தோண்டவும் கூடாது, அதனால் புதையல் காட்சியில் மண்வெட்டியை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். எல்லா விதியையும் ஒரே அத்தியாயத்தில் கொட்டினால் பாடப்புத்தகமாகிவிடும். கதைக்கு இரண்டு விதி போதும்.

பலர் சறுக்குவது மழைக்காலத்தில். பிக்குகள் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்கும் மூன்று மாதம் வடநாட்டு மழையை ஒட்டியது; ஏறக்குறைய ஆடியில் தொடங்கி ஐப்பசியில் முடியும். நம் பக்கம் அடைமழை பிடிப்பதே ஐப்பசியில்தான். அதாவது, நமக்கு மழை தொடங்கும்போது அவர்கள் கிளம்புகிறார்கள். நனைந்துகொண்டே வரப்பில் நடந்து போகும் பிக்குவை எழுதுங்கள். காவிரிக் கரையில் அது பொருந்தும்.

கேள்வி: விகாரைக்கு அரசர் நிலம் கொடுக்கும் காட்சியை எப்படி அமைப்பது?
– மாணவர், திருவாரூர்

பதில்: அரசவையை விட்டு வயலுக்கு வாருங்கள். கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டின் மன்னர் மாறவிசயோத்துங்கவர்மர் தம் தந்தை பெயரில் எடுத்த அந்தச் சூடாமணி விகாரைக்கு, இராசராசர் தம் 21ஆம் ஆட்சியாண்டில் (1006 வாக்கில்) ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தார். அந்தக் கொடையைப் பொறித்த செப்பேட்டில் 21 இதழ்கள். இப்படிக் கொடுத்த நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். எல்லை குறிக்கப் பெண் யானையை நடத்திச் சென்று, கல்லும் கள்ளியும் நடுவார்கள். இளம் வாசகருக்கு இதைவிட நல்ல காட்சி ஏது?

ஆதீனகர்த்தர் யாரையும் அங்கே நிறுத்திவிடாதீர்கள். தருமபுரம் ஆதீனமே 16ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. சைவ குரு ஒருவர் வேண்டுமென்றால், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரும் ஈசான சிவ பண்டிதர் இருக்கிறார்.